பேணியின் அடியில் ஒரு வாய்

மாமி,

இன்று காலை முற்றத்தில் விழுந்து கிடந்த தேங்காயை எடுக்கக் குனிந்தேன். நிமிர முடியவில்லை. ஒரு கையால் தென்னையைப் பிடித்துக்கொண்டு, அரைவாசி வளைந்த நிலையில், கொஞ்ச நேரம் மண்ணையே பார்த்தபடி நின்றேன். பிறகு சுவரைப் பிடித்துப் பிடித்துக் குசினிக்குப் போய்ச் சட்டியை அடுப்பில் வைத்துக் கொத்தமல்லி வறுத்தேன். உங்கள் மகள் கோயிலுக்குப் போயிருந்தாள். மல்லி சூடேறும்போது ஒரு மணம் வரும். வேர்க்கொம்புச் சுக்கைத் தட்டிப் போட்டதும் அது மாறித் தொண்டையில் போய் நிற்கும். அந்த இரண்டாவது மணம் எழுந்தபோது நான் கரண்டியை வைத்துவிட்டுக் குசினி வாசலுக்கு வெளியே வந்து நின்றேன். நீங்கள் உள்ளே இருந்தால் நான் அங்கே நிற்பதில்லை. நீங்கள் போய் வருடங்கள் ஆகிவிட்டன. கால்களுக்கு அது இன்னும் தெரியவில்லை.

உங்களை நேரே பார்த்து எழுதுவது எனக்குப் பழக்கமில்லாத காரியம். இதை வாசிக்கும் வெளியூர்க்காரருக்காக, உங்களுக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணம் முடித்த ஆண் தன் உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்துவிடுவான். ஒரே கூரைக்குக் கீழே மாமியும் மருமகனும் காலம் முழுவதும் இருக்க வேண்டும். அதனாலேயே அந்த இருவருக்கும் நடுவில் ஓர் ஒதுக்கத்தை வைத்தார்கள். நேருக்கு நேர் பேச்சில்லை. பெயர் சொல்வதில்லை. மருமகன் விறாந்தையில் இருந்தால் மாமி கதவு நிலைக்குப் பின்னால். இப்போது அது தளர்ந்துவிட்டது. களுதாவளையில் நம் வீட்டில், உங்கள் காலம் முடியும்வரை, தளரவில்லை.

பேசாமல் இருந்தோம் என்றும் சொல்ல முடியாது. நீங்கள் பூனையோடு பேசினீர்கள். கறுப்பி என்று ஒரு பூனை. அது செத்ததும் அடுத்த பூனை வந்தது. அது சாம்பல் நிறம். அதற்கும் கறுப்பி என்றே பெயர் வைத்தீர்கள். "கறுப்பி, மழை வாறமாதிரிக் கிடக்கு, குடை எடுக்காமப் போறாங்களே சில பேர்" என்பீர்கள். நான் குடையை எடுத்துக்கொண்டு போவேன். நான் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் உங்கள் மகளிடம் சொல்வேன், நீங்கள் அடுத்த அறையில் கேட்கும் அளவுக்குச் சத்தமாக. பத்திரிகைக்காரனாக அமைச்சர்களையும் அதிகாரிகளையும் மறித்துக் கேள்வி கேட்டுப் பிழைத்த நான், இந்த வீட்டுக்குள் ஒரு கேள்வியும் நேரே கேட்கவில்லை.

முதல் தடவை என் இடுப்பு பிடித்தது வாகரையிலிருந்து மோட்டார் சைக்கிளில் திரும்பிய ஒரு நாளில். அப்போது அந்த வீதி வீதியாக இல்லை. மழை வெள்ளத்தைப் பற்றி எழுதப் போய், குழியிலும் கல்லிலும் பகல் முழுவதும் ஏறி இறங்கி, வீட்டு வாசலில் இறங்கும்போது ஒரு காலை மறுபக்கம் தூக்கிப் போட முடியவில்லை. உங்கள் மகள் வந்து காலைத் தூக்கிவிட்டாள். நீங்கள் கதவுக்குப் பின்னால் நின்று சீலைத் தலைப்பை வாயில் பொத்தியதை நான் கண்டேன். சிரிப்பா கவலையா என்று தெரியவில்லை.

வைத்தியர் படம் எடுத்துப் பார்த்தார். எலும்பில் பழுதில்லை, சதைப் பிடிப்பு என்றார். பாரம் தூக்காதே, அதற்காகப் படுத்தே கிடக்காதே, மெல்ல நட என்றார். குளிசையும் தந்தார். அதை நான் உங்கள் மகளுக்குச் சொன்னேன். நீங்கள் கறுப்பிக்குச் சொன்னீர்கள்:

"கேட்டியா கறுப்பி? குளிசையில நோ போகுமாம். வாய்வு இறங்காம நோ எப்பிடிப் போகும்?"

"அம்மா வாய்வு எண்டுறா" என்றாள் உங்கள் மகள், எனக்குக் கேட்காதது போல.

"டொக்டர் சதை எண்டார்."

"அம்மா, சதையாம்."

"சதைக்குள்ள வாய்வு போகாதோ கறுப்பி? கதவு போட்டா பூட்டிக் கிடக்கு?"

அடுத்த நாள் காத்தான்குடிச் சரக்குக் கடைக்குப் போக வேண்டியதாயிற்று. உள்ளிப் பூண்டு, மிளகு, திப்பிலி, வேர்க்கொம்பு, நற்சீரகம் என்று உங்கள் மகள் சொல்லிவிட்டதை நான் ஒப்புவித்தேன். கடைக்காரரான முஸ்லிம் அண்ணன், நம் பேச்சில் காக்கா, நிறுப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் சரக்கும் ஏறக்குறைய இதுதான்.

"என்ன மகன், வீட்டுல புள்ள புறந்திருக்கா?"

"இல்ல காக்கா. எனக்குத்தான் இடுப்பு நோ."

"அப்ப உங்களுக்குத்தான் புள்ளயா?" என்றார். கடையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தால் இடுப்பு இழுத்தது. ஆகையால் நான் சிரிக்கவில்லை.

நீங்கள் உள்ளியையும் மிளகையும் தட்டிப்போட்டு, தண்ணீர் பாதியாக வற்றும்வரை அவித்து, சில்வர் பேணியில் ஊற்றி உங்கள் மகளிடம் கொடுத்தனுப்பினீர்கள். உறைப்பு காதுவரை ஏறியது. ஆனால் மாமி கொடுத்ததை மிச்சம் வைப்பது மரியாதையல்ல. கடைசிச் சொட்டுவரை குடித்து வெறும் பேணியைத் திருப்பி அனுப்பினேன். மறுநாள் பேணி இன்னும் நிறைய வந்தது. அதையும் முடித்தேன். அதற்கடுத்த நாள் மிளகு கூடியிருந்தது. பேணியும் மாறியிருந்தது. அது வீட்டிலேயே பெரிய பேணி.

நன்றாக இருக்கிறதா என்று நீங்கள் என்னிடம் கேட்க முடியாது. போதும் என்று நான் உங்களிடம் சொல்ல முடியாது. நமக்கிடையில் இருந்த ஒரே பதில் வெறும் பேணி. அதை நீங்கள் 'இன்னும் வேண்டும்' என்று படித்தீர்கள். அதைத் தவிர வேறு எப்படிப் படிப்பது? இடுப்பு நோவோடு எனக்கு வயிற்றெரிவும் தொடங்கியது. எரிவுக்கு நான் களவாகப் பால் குடிப்பதை உங்கள் மகள் கண்டுபிடித்தாள். விசாரித்தாள். பிறகு குசினிக்குப் போய் உங்களையும் விசாரித்தாள். இரண்டு பக்கத்தையும் கேட்ட பிறகு நடுவீட்டில் நின்று சிரித்தாள்.

"அவர் ஆசையாக் குடிக்கிறார் எண்டு நீங்க மிளகு கூட்டுறீங்க. நீங்க கோவிப்பீங்க எண்டு அவர் குடிச்சுச் சாகிறார். ரெண்டு பேருக்கும் வாய் எதுக்கு?"

குசினிக்குள்ளிருந்து குரல் வந்தது. "கறுப்பி, இனிமேல் காணும் எண்டால் அடியில ஒரு வாய் வைக்கச் சொல்லு. பேணியப் பாத்து விளங்கிக்கொள்ளுவன்."

அன்றிலிருந்து அது நம் வீட்டுச் சட்டமாயிற்று: போதும் என்றால் அடியில் ஒரு வாய் மிச்சம். மிளகுத் தண்ணீர் போய் மஞ்சள் போட்ட பால் வந்தது. பிறகு கொத்தமல்லியும் வேர்க்கொம்பும், பனங்கட்டித் துண்டொன்றோடு. கல்லுப்பை வறுத்துப் பழைய வேட்டித் துணியில் முடிந்து ஒத்தடத்துக்கு அனுப்பினீர்கள். நொச்சி இலை அவித்த தண்ணீர் குளிக்கும் இடத்தில் சுடச்சுட இருந்தது. நான் ஒவ்வொரு பேணியிலும் அடியில் ஒரு வாய் வைத்தேன்.

சில வாரங்களில் நோ போய்விட்டது. எதனால் போயிற்று என்று என்னால் உறுதியாக எழுத முடியாது. இப்படியான பிடிப்பு பெரும்பாலும் தானாகவே விடும் என்று வைத்தியர் முன்பே சொல்லியிருந்தார். உப்பு ஒத்தடம் வைத்திருந்த நேரத்தில் நோ குறைந்தது என்பதற்கு நான் சாட்சி. சூடான பேணியைக் கையில் பிடித்திருந்தபோது மனம் ஆறியது என்பதற்கும் சாட்சி. அதற்கு மேல் என்னிடம் ஆதாரம் இல்லை. நீங்கள் கறுப்பியிடம் வேறு முடிவு சொன்னீர்கள்: "வாய்வு இறங்கிட்டுது."

உங்கள் சொந்த இடுப்பு நோவுக்கு நீங்கள் எதுவும் அவித்துக் குடித்து நான் காணவில்லை. வெற்றிலைத் தோட்டத்தில் கிணற்றிலிருந்து தண்ணீர் தூக்கிக் கொடிக்கு ஊற்றி வளர்ந்த இடுப்பு அது. பின்னேரத்தில் பழைய சீலைத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து இருப்பீர்கள். கேட்டால், "தோட்டத்து நோ. அது எங்கட சொந்தக்காரர், வந்து போகும்" என்பீர்கள், உங்கள் மகளிடம். அதனால் இடுப்பு நோ என்று நீங்கள் சொன்னால் இந்த வீட்டில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பிறகொரு மாரி மழைக்காலத்தில் உங்கள் மகள் பரீட்சைத் தாள் திருத்தக் கொழும்புக்குப் போயிருந்தாள். வீட்டில் நீங்களும் நானும் பூனையும். அவள் இல்லாத நாட்களில் சாப்பாடு மேசையில் மூடி இருக்கும். நான் வந்து சாப்பிட்டுக் கோப்பையைக் கழுவி வைப்பேன். ஒரு நாள் நீங்கள் கறுப்பியிடம், "இடுப்பு ஒல்லுப்போல, கொஞ்சமாப் பிடிக்குது" என்றீர்கள். சமையல் நடந்தது, ஆனால் சோறும் பருப்பும் மட்டும். நான் அடுப்பு ஆறியதும் குசினிக்குப் போய், எனக்குத் தெரிந்தமாதிரிக் கொத்தமல்லி போட்டு, சரியாக வடிக்காமல், சீனியும் கூட்டி, உங்கள் அறை வாசலில் ஒரு வாங்குப் பலகையின்மேல் வைத்தேன்.

"கறுப்பி, இது மாமிக்கு" என்று பூனைக்குச் சொன்னேன். நான் பூனையோடு பேசியது அன்றுதான் முதல் தடவை.

பேணி வெறுமையாக, கழுவித் துடைத்து, அதே வாங்கின்மேல் வந்தது. மறுநாள் கொஞ்சம் கூட்டிப் போட்டேன். அதுவும் வெறுமையாக வந்தது. எனக்கு ஒரு பெருமைகூட வந்தது. பின்னேரம் உங்கள் மகள் தொலைபேசியில் வந்தாள்.

"அம்மாட குரல் சோர்ந்து கிடக்கு. கேட்டா, ஒண்டுமில்ல புள்ள, நீ உன்ர பேப்பரப் பாரு எண்டுறா."

"இடுப்பு நோவாம். கொத்தமல்லி போட்டுக் குடுத்தன். அடி வரைக்கும் குடிச்சிட்டா."

"நீங்க போட்டதையா?" என்று கேட்டாள். நம்பவில்லை என்று குரலில் தெரிந்தது. பிறகு, "சரி, குடிச்சா நல்லம்" என்றாள்.

அடுத்த காலை மழை சற்று விட்டிருந்தது. கிணற்றடிக்கு முகம் கழுவப் போனேன். உங்கள் அறை யன்னலுக்கு வெளியே நிற்கும் வாழையின் அடியில் எறும்புகள் சாரை பிடித்திருந்தன. குனிந்து பார்த்தேன். ஊறிப் பருத்த கொத்தமல்லி விதைகள். ஒரே நாளில் ஊற்றியதாகத் தெரியவில்லை. பழையவை மண்ணுக்குள் புதைந்திருந்தன, புதியவை மேலே கிடந்தன.

நீங்கள் வைத்த சட்டம் எனக்குத் தெரியும். காணும் என்றால் அடியில் ஒரு வாய். வேண்டாம் என்பதற்கு அந்தச் சட்டத்தில் இடமே இருக்கவில்லை. மருமகன் போட்ட தண்ணீரை வேண்டாம் என்று திருப்பி அனுப்ப உங்களுக்கு மனமில்லை. ஆகவே யன்னலுக்கு வெளியே ஊற்றிப் பேணியைக் கழுவி வைத்தீர்கள். அதுவரை அதை நான் விளங்கிக்கொண்டேன். விளங்காதது ஏன் என்பது. எழும்பி உட்கார முடிந்த உங்களால் ஒரு வாய் தண்ணீர் ஏன் குடிக்க முடியவில்லை?

வீட்டுக்குள் வந்தேன். கறுப்பி விறாந்தையில் என் கதிரையில் சுருண்டு கிடந்தது. உங்கள் அறை வாசலில், நிலையைத் தாண்டாமல் நின்றேன்.

"மாமி."

மூச்சு மட்டும் கேட்டது.

"மாமி, எங்க நோகுது?"

கட்டில் அசைந்தது. "கறுப்பி எங்க?" என்றீர்கள்.

"கறுப்பி இஞ்ச இல்ல. நான்தான் கேக்கிறன்."

"மகள் வரட்டும்."

"மகள் வர இன்னும் நாள் கிடக்கு. எங்க நோகுது?"

ஓட்டில் தேங்கிய மழைத் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு நீங்கள், சுவரைப் பார்த்தபடி, "மகன்" என்றீர்கள். அதுவரை நான் உங்கள் வாயில் 'அவர்'. அல்லது 'சில பேர்'.

"மகன், இது தோட்டத்து நோ இல்ல. வலப்பக்கம். விலாவுக்குக் கீழ, பின்பக்கம். இடிச்சமாதிரி."

"காய்ச்சலோ?"

"குளிருது. நேத்துப் போர்வைக்குள்ளயும் நடுங்கினன்."

"சாப்பிட ஏலுமா?"

"வாய்க்குள்ள போனா வெளிய வருகுது. நீங்க போட்டத ஊத்தினன் எண்டு கோவிக்காதீங்க."

கேட்க இன்னும் ஒரு கேள்வி இருந்தது. சிறுநீரக நோயாளிகளைப் பற்றி முன்பொரு தடவை எழுதியபோது ஒரு வைத்தியர் அதை எனக்குச் சொல்லித் தந்திருந்தார். மாமியிடம் மருமகன் கேட்கும் கேள்வியல்ல அது. மகளிடம்கூட மெல்லச் சொல்லும் விஷயம். உங்கள் மகள் வரும்வரை நீங்கள் காத்துக்கிடந்ததும் அதற்காகத்தான் என்று அந்த இடத்தில் எனக்கு விளங்கியது.

"ஒண்டுக்குப் போகக்குள்ள எரியுதா மாமி?"

நீங்கள் சீலைத் தலைப்பால் முகத்தை முழுவதும் மூடிக்கொண்டீர்கள். துணிக்குள்ளிருந்து "ஓம்" என்று வந்தது.

ஆட்டோவுக்குச் சொன்னேன். சுவரைப் பிடித்து வாசல்வரை வந்தீர்கள். படியில் சுவர் முடிந்துவிட்டது. நான் பக்கத்தில் வந்து மறுபக்கம் பார்த்தபடி நின்றேன். நீங்கள் என் தோளில் கையை வைத்தீர்கள். சட்டைக்கு மேலாலும் அந்தக் கை கொதித்தது. ஆட்டோக்காரன் உங்களை அறிந்தவன். மெல்ல ஓட்டினான். குழி வந்த இடங்களில், "பிடிச்சுக்கங்க மாமி" என்றான்.

ஆஸ்பத்திரியில் தாதி உங்களிடம் ஒவ்வொன்றாகக் கேட்டாள். என்ன வருத்தம், எத்தனை நாளாக, எங்கே. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு என் பக்கம் கையைக் காட்டினீர்கள்.

"அவரிட்டக் கேளுங்க. அவருக்குச் சொல்லியிருக்கன்."

நான் சொன்னேன். வலப்பக்கம், விலாவுக்குக் கீழ் பின்புறம், குளிரும் நடுக்கமும், சாப்பிட்டால் சத்தி, ஒண்டுக்குப் போகும்போது எரிவு. என் வேலையில் எத்தனையோ பேர் சொன்னதை நான் பிறருக்குச் சொல்லியிருக்கிறேன். அதிகம் கவனமாகச் சொன்னது இதைத்தான்.

"மகனா?" என்று தாதி கேட்டாள்.

"மருமகன்."

"மாமியும் மருமகனும் இவ்வளவு மனம் விட்டுக் கதைக்கிற வீடா? குடுத்து வச்சவங்க" என்றாள். நீங்கள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். தோள் குலுங்கியது. அது நடுக்கமல்ல.

சிறுநீரில் தொடங்கிய கிருமி சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கிறது என்று வைத்தியர் சொன்னார். வீட்டில் இன்னும் வைத்திருந்தால் இரத்தத்தில் கலந்திருக்கும், இந்த வயதில் அதன் பிறகு உறுதி சொல்ல முடியாது என்றார். கொத்தமல்லி கெடுதல் இல்லை, ஆனால் இதற்கு அது காணாது என்றார். ஊசி மருந்து ஏறியது. உங்கள் மகள் பேருந்திலிருந்து இறங்கிய கையோடு ஆஸ்பத்திரிக்கு வந்து நம் இருவரையும் ஒன்றாக ஏசினாள். ஏச்சு முடிந்த பிறகு அழுதாள்.

வீட்டுக்கு வந்த பின் எல்லாம் பழையபடி. நான் விறாந்தையில், நீங்கள் கதவுக்குப் பின்னால். வந்த அன்றே கறுப்பிக்கு அறிக்கை கொடுத்தீர்கள்: "கேட்டபடியாச் சொன்னன் கறுப்பி. கேக்காம விட்டிருந்தா இந்நேரம் நான் செத்த எட்டுச் செலவுக்கு ஆக்களுக்குச் சொல்லிக்கொண்டு திரிஞ்சிருப்பாங்க."

அதற்குப் பிறகு நேரே பேசியது ஒரே ஒரு தடவை. உங்கள் மகள் கிணற்றடியில் இருந்தாள். நான் விறாந்தையில் எழுதிக்கொண்டிருந்தேன். நீங்கள் நிலையைத் தாண்டி வந்தீர்கள்.

"மகன், ஒண்டு கேக்கட்டா? அந்த நாளையில போட்ட மிளகுத் தண்ணி, மெய்யாவே உறைச்சதா?"

"ஓம் மாமி. காதுக்குள்ளால புகை வந்தது."

நீங்கள் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டீர்கள். குசினிக்குள் நெடுநேரம் சிரித்தீர்கள். பிறகு கறுப்பியை ஏசும் சத்தம் கேட்டது. அது ஒன்றும் செய்திருக்கவில்லை.

அதற்குப் பல மாரி கழித்து, ஒரு பகல் சாப்பாட்டுக்குப் பின் படுத்த நீங்கள் எழும்பவில்லை. நோவென்று நீங்கள் யாரிடமும், பூனையிடமும்கூட, சொல்லியிருக்கவில்லை. அன்று கேட்க எதுவும் இருக்கவில்லை.

அந்த மாரிக்குப் பிறகு இந்த வீட்டில் ஒரு முறை வந்தது. இடுப்பு நோ என்று யார் சொன்னாலும் அடுப்பு மூட்டுமுன் கேள்விகள். இன்று காலையும் அப்படித்தான். உங்கள் மகள் கோயிலால் வந்து, வளைந்து நின்ற என்னைக் கண்டு, திருநீற்றை என் நெற்றியில் பூசிவிட்டுத் தொடங்கினாள்.

"எங்க?"

"நடு இடுப்பு. தேங்காய் எடுக்கக் குனிஞ்சது."

"காய்ச்சல்?"

"இல்ல."

"கால் விறைக்குதா?"

"இல்ல."

"ஒண்டுக்குப் போகக்குள்ள எரிவு?"

"இல்ல."

"அப்ப சரி. உங்கட சட்டி கருகுது" என்று சொல்லி உள்ளே போனாள். கருகியதைக் கொட்டிவிட்டுப் புதிதாக வறுத்தாள். பேணியைக் கொண்டுவந்து கையில் தந்தாள். உப்பு முடிச்சை இடுப்பில் வைத்துச் சாய்ந்திருந்து, மெல்ல மெல்லக் குடித்தேன்.

பேணியை எடுக்க வந்தவள் உள்ளே பார்த்தாள்.

"என்ன, அம்மாவுக்கு இன்னும் பதில் அனுப்புறீங்களோ?"

"காணும்" என்றேன்.

அவள் கிணற்றடிக்குப் போனாள். அடியில் இருந்த ஒரு வாயை வாழைக்கு ஊற்றும் சத்தம் கேட்டது.